பதிப்பு ஏழிலிருந்து பன்னிரண்டுக்கு

வின்னிபெக்கில் இன்று கழித்தல் முப்பத்தொன்று.
வாகனத் தரிப்பிடத்தில் கார்கள்
மூக்கில் வயர் செருகிக்கொண்டு
ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வரிசையாக.

உள்ளே, மூன்றாம் மாடியில்,
தானியம் உலர்த்தும் இயந்திரத்தின் கையேட்டை,
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பக்கம்,
புது மென்பொருளுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
மைக்ரேஷன் என்றார்கள் கூட்டத்தில்.
நான் ஏன் சிரித்தேன் என்று
ரெனாட்டோவுக்கு மட்டும் விளங்கியது.

"இந்தக் கோப்பு பழைய பதிப்பில் உருவானது.
மாற்றவா?"
மாற்று.
நீலக் கோடு ஊர்ந்து ஊர்ந்து
தொண்ணூற்றொன்பதில் நின்றது.
நான் போய்த் தேநீர் போட்டு, குடித்து,
கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.
இன்னும் தொண்ணூற்றொன்பது.

பிறகு ஒரேயடியாக எல்லாம்.

எழுத்துரு ஒன்று கிடைக்கவில்லையாம்,
அதற்குப் பதில் வேறொன்றைப் போட்டுக்கொண்டதாம்.
அது அரை மயிர் அகலம் கூட.
அரை மயிர்தான்.
ஆனால் வரிக்கு வரி சேர்ந்து
நானூறாம் பக்கத்தில் ஒரு பத்தியாகி
எழுநூறில் ஒரு முழுப் பக்கமாகி
அட்டவணைகள் இடுப்பில் முறிந்து
மறுபக்கத்தில் தலைப்பில்லாமல் கிடந்தன.
"பர்னர் வால்வைத் திறக்க, பக்கம் ?? பார்க்கவும்."
"பக்கம் ??-இல் சொன்னபடி இறுக்கவும்."
இரண்டாயிரத்துச் சொச்சம் கேள்விக்குறிகள்,
தூண்டில் முள்ளைப் போல,
ஒன்றிலும் மீனில்லை.

முதல் கிழமை படங்களோடு போயிற்று.
இரண்டாம் கிழமை எண்கள்:
படி ஒன்பதுக்குப் பிறகு மறுபடி படி ஒன்று.
ஓரிசியா எட்டிப் பார்த்து
"எப்ப முடியும்?" என்றாள்.
"முடியும்" என்றேன்.
அவள் கேட்டது அதுவல்ல.

மூன்றாம் கிழமை, வியாழன்,
மாலை நாலரைக்கே இருட்டு.
அத்தியாயம் பதினான்கு, ஆகரைச் சுத்தம் செய்தல்.
பழைய பதிப்பு மறைத்துவைத்திருந்த குறிப்புகளை
மறைக்கத் தெரியாமல்
புதியது சிவப்பில் கொட்டிவிட்டது.
எல்லாம் அற்பம்.
"படம் மங்கல்." "பாக எண் சரியா?"
"டெனிஸ் லீவில். திங்கள் கேட்கலாம்."
நடுவில் இது:

"இந்த எச்சரிக்கையை எடுக்க வேண்டாம்.
அக்டோபருக்கு முன் இது இங்கே இல்லை.
கொர்னேலியஸ் டூக். வலது கை. - ஜே.வி."

ஜே.வி. யாரென்று கேட்டேன்.
ஒருவருக்கும் தெரியவில்லை.
கம்பனி இரண்டு முறை கைமாறிவிட்டது.

எச்சரிக்கையைத் தேடினேன்.
"கவசத்தைக் கழற்றவும். சிக்கிய தானியத்தை வழித்தெடுக்கவும்."
படி பதினொன்று பக்கத்தின் உச்சியில் இருந்தது,
மேலே ஒன்றுமில்லாமல்.
"முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கவும்" என்ற மஞ்சள் முக்கோணம்
முந்தின தாளின் அடியில், புரட்டிய புறத்தில்.
அந்த அரை மயிரின் வேலை.

யார் திருப்பிப் பார்ப்பார்கள்,
அறுவடையில், மழை வருமுன்,
ஒரு கையில் டார்ச்சோடு?

பத்தி அமைப்பில் ஒரு சின்னப் பெட்டி உண்டு:
அடுத்த பத்தியோடு சேர்ந்திரு.
டிக் செய்தேன்.
முக்கோணம் தாளைத் தாண்டி இறங்கி
படி பதினொன்றின் தலைமேல் உட்கார்ந்தது.
அது இருந்த இடத்தில் வெற்றிடம், மூன்று விரல் அகலம்.
ஓரிசியாவுக்கு வெற்றிடம் பிடிக்காது.
இருக்கட்டும்.

மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள்.
ஸ்டைலில் ஒருமுறை மாற்றினால் எல்லாம் மாறும்.
மாற்றிவிட்டு ஒவ்வொன்றாகவும் பார்த்தேன்.

சிவப்பு வரியை அழிக்கவில்லை.
பன்னிரண்டில் மறைக்கும் வழி வேறு;
தேடிக் கண்டுபிடித்து மறைத்தேன்.
பதினெட்டோ இருபதோ வரும் நாளில்
யாருடைய திரையிலாவது கொட்டும்.

கேள்விக்குறிகள் இன்னும் நானூற்று மூன்று.
கீழே போய் வயரைப் பிடுங்கினேன்.
கார் இருமிக்கொண்டு எழுந்தது.