லாபம், ரெண்டு, மூணு

கல்யாணத்துக்கு எண்ணிக் கொடுத்த ஆளே
திருப்பி எண்ணவும் வரட்டும்.
இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொண்டது
அந்த ஒன்றைத்தான்.
காரைக்குடிக் கடையில் லீவு சொல்லிவிட்டுப்
பள்ளத்தூருக்குப் பஸ் ஏறினேன்,
மூன்று வருஷத்துப் பில்லின் கார்பன் நகலோடு.

வளவில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள்.
ஒரு தூணில் உமையாளின் சித்தப்பா,
எதிர்த்தூணில் மாப்பிள்ளையின் பெரியப்பா,
நடுவில் நானும் எவர்சில்வரும்.
காப்பி வந்தது,
அந்த வீட்டுப் பழைய டம்ளரில்.

டம்ளர் ஆறு டஜன். டவரா ஆறு டஜன்.
தட்டு மூன்று. கிண்ணம் பெரிது நாலு, சிறிது நாலு.
"இருக்கப்போறது ரெண்டு பேரு,
எழுபத்திரண்டு டம்ளர் எதுக்கு?" என்று
அன்று கடையில் உமையாள் கேட்டது ஞாபகம்.
அவள் அம்மா முழங்கையில் கிள்ளினார்.
நான் பில் போட்டேன்.

பிளாஸ்டிக் உறை பிரியவில்லை.
ஒன்றன் மடியில் ஒன்று உட்கார்ந்தபடியே
நான் போட்ட முடிச்சோடு இருந்தன எல்லாம்.
எனக்கு இடதுகைப் பழக்கம்,
என் முடிச்சு எனக்குத் தெரியும்.

ஒன்று என்று தொடங்கி எண்ணி வழக்கமில்லை.
லாபம், ரெண்டு, மூணு,
வாய் அப்படித்தான் போகும்.
முதல் கட்டில் 'லாபம்' என்றதும்
பெரியப்பா தொண்டையைச் செருமினார்.
அடுத்த கட்டிலிருந்து
மனசுக்குள் எண்ணிக்கொண்டேன்.

பன்னிரண்டு நல்ல எண்.
இரண்டாய்ப் பிரியும், மூன்றாய், நாலாய், ஆறாய்ப் பிரியும்,
மிச்சம் வைக்காது.
பத்தை மூன்று பேருக்குப் பிரித்துப் பாருங்கள், சண்டை வரும்.
வாழைப்பழமும் வளையலும் கைக்குட்டையும்
டஜனாகிப்போனது அதனால்தான் என்பார் எங்கள் முதலாளி.
அவர் சொல்வதில் பாதி
அவரே கட்டிவிட்டது.

ஸ்பூன் நாலு டஜன்.
மூன்று பெட்டி சரி.
நாலாவதில் ஒரு பல் விழுந்திருந்தது.
மறுபடி எண்ணினேன்.
"பதினொண்ணா?" என்றார் சித்தப்பா,
நகைக் கணக்கில்கூட எழுப்பாத குரலில்.

மாமியார் அடுப்படி அலமாரியைக் கவிழ்த்தார்.
யாரோ டார்ச் கேட்டார்கள்.
"ஒரு ஸ்பூன் என்ன விலை? நான் தர்றேன்."
"விலைக்கா பேசறோம் இங்க?"
விலை இருபத்தெட்டு ரூபாய்.
கையில் பில் இருந்தது, நான் சொல்லவில்லை.

அதுவரை வாசலில் ஸ்கூட்டரோடு நின்ற சாத்தப்பன்
சீட்டைத் தூக்கி டிபன் பையை எடுத்தான்.
முற்றத்துக் குழாயடியில் குனிந்து
அதைக் கழுவினான்.
ஒரு ஸ்பூனுக்கு அது ரொம்ப நேரம்.
சட்டையில் துடைத்து ஜமுக்காளத்தில் வைத்தான்.
காம்பு கொஞ்சம் வளைந்திருந்தது.
கடையில் புள்ளி புள்ளியாய் வெட்டிக்கொடுத்த 'மு.உ.'வில்
'உ' மட்டும் மிஞ்சியிருந்தது.

யாரும் அதைத் தொடவில்லை.
உமையாள் அன்றைக்கு முதல்தடவையாகப் பேசினாள்,
என்னிடம்.
"பதினொண்ணுன்னே எழுதிக்கங்க."
சித்தப்பா வாயெடுத்தார்.
அவள் அதையே இன்னொரு தடவை சொன்னாள்,
முன்னைவிட மெதுவாக.
எழுதினேன். இரண்டு தூணும் வந்து கையெழுத்துப் போட்டன.

சாமானெல்லாம் எங்கள் கடைக்குத்தான் வருகிறது.
டஜனில் விற்றதை எடைக்கு எடுப்போம், அது வழக்கம்.
ஒரு ஸ்பூன் குறைந்தால்
எங்கள் பெரிய தராசு கண்டுகொள்ளாது.

கோட்டையூர் வரைக்கும் ரோடு குண்டும் குழியும்.
நெருக்கிக் கட்டியவை வாய் திறக்கவில்லை.
கொஞ்சம் இடம் கிடைத்துவிட்ட
அந்த ஒரு பெட்டி மட்டும்
வேனின் பின்னால் கலகலவென்று
பேசிக்கொண்டே வந்தது.
டிரைவர் திரும்பிப் பார்த்தார்.
சும்மா உட்கார முடியாமல் நான் எண்ணத் தொடங்கினேன்,
வாய்விட்டு,
லாபத்திலிருந்து.