இருபத்தோராவது கூடு

ஜீப் வந்து நின்றபோது
பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது.
காலையெல்லாம் போன கரண்ட்
ஓசூருக்கு அப்போதுதான் திரும்பியிருந்தது,
நான் எழுந்திருக்கவில்லை.

வனவர் வரதப்பா
ஒரு பிளாஸ்டிக் உறையை
என் வெர்னியருக்குப் பக்கத்தில் வைத்தார்.
உள்ளே ஒரு பித்தளைக் கூடு.
"ஐயூர் தாண்டி, ராகிக் காட்டோரம்.
கடமான்."
கொஞ்சம் பொறுத்து,
"சினை."

அடியில் அடித்த முத்திரை ஓர் அளவு சொல்கிறது
வாய் வேறு அளவு சொல்கிறது.
எந்தப் பட்டியலிலும் இல்லாத தோட்டா.
லேபில் ஒரு மாதம் தலையைச் சொறிந்தார்களாம்.
அப்புறம் யாரோ சொன்னார்களாம்,
இது பிறந்த கூடு இல்லை, செய்த கூடு,
சிப்காட் பக்கம் கேளுங்கள் என்று.

மார்கழியில் ஒருவர் வந்தார், பெங்களூரிலிருந்து.
லைசென்ஸ், கிளப் கடிதம், கட்டிய ரசீது
எல்லாம் லேமினேட் செய்து வைத்திருந்தார்.
படித்தேன்,
எனக்குப் படிக்கத் தெரிந்த மட்டும்.
அறுநூறு மீட்டரில் ஒரு பலகை,
காற்று தள்ளாத மெல்லிய குண்டு,
அதற்குத் தோதாகக் கழுத்தைக் குறுக்க வேண்டும்.
இருபது போதும் என்றார்.

கழுத்து, தோள், வாய் என்றுதான்
எங்கள் ஆட்களும் சொல்வோம்.
உடம்பு மாதிரி எல்லாம் இருக்கும்
முகம் இருக்காது.

பித்தளைக்கு ரோஷம் உண்டு.
அமுக்க அமுக்க விறைக்கும்.
ஒரே இழுப்பில் முடிக்கப் பார்த்தால்
பல்லிளித்துவிடும், வாயோரம் கீறலாக.
லைட்டை அணைத்துவிட்டு
வாயைத் தீயில் காட்டுவேன்.
நிறம் லேசாக மாறும் அந்த ஒரு மூச்சில்
தண்ணீர்த் தட்டில் சாய்க்க வேண்டும்.
சுய்ய்.
இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி.
கெம்பராஜ் ஒவ்வொன்றுக்கும் சிரிப்பான்.

மறுபடி டை. மறுபடி தீ.
அவசரத்தில் அண்டாவிலேயே கை நுழையாது,
இது சுண்டுவிரல் நுழையாத வாய்.

இருபத்தொன்று செய்தேன்.
ஒன்றில் கொழுப்பு கூடித்
தோளில் பிறையாக ஒரு பள்ளம்,
நகம் பட்ட மாதிரி.
அதைப் பெயின்ட் டப்பாவில் போட்டேன்.
இருபதை எண்ணிக் கொடுத்தேன்.

போகும்போது அவர் சொன்னார்,
"இன்னும் முடியலை இது.
முதல் வெடியில் வீங்கி
துப்பாக்கி அறையோட உருவத்துக்கு வந்துடும்.
அப்பத்தான் முழுசாகும்."
நான் செய்த எதையும்
இன்னொன்று முடித்துவைத்ததாக
அதுவரை கேட்டதில்லை.
தலையாட்டினேன். காசை எண்ணினேன்.

இப்போது உறையைச் சன்னல் பக்கம் சாய்க்கிறேன்.
வெடி பள்ளத்தை நிரவியிருக்கிறது.
ஆனாலும் தோளில் ஓரிடத்தில்
வெளிச்சம் வழுக்காமல் ஒரு கணம் நிற்கிறது.
பிறை.

டப்பாவை நானே எடைக்குப் போட்டேனா
மாசியில் நின்றுவிட்ட கெம்பராஜ் கிளறினானா
அன்றைக்கு அவர் கைகழுவப் போனாரே, அப்போதா.
சலித்துப் பார்க்கிறேன்
பித்தளைச் சுருள்தான் கிடைக்கிறது.

பிரிக்கக் கூடாது என்றார்கள்.
உறையோடு சேர்த்து வெர்னியர் வைத்தேன்.
கழுத்து நான் விட்ட அளவில் இல்லை.
என் அளவு இல்லை என்று சொல்லலாம்.
பொய்யும் இல்லை.

"உங்க வேலையா?"

"தோள் வரைக்கும் என்னுது."

வரதப்பா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.
"அப்படியெல்லாம் மகஜர்ல எழுத முடியாதுங்க.
ஆமாவா, இல்லையா?"

நிறுத்த மறந்த பிரஸ்
பின்னால் வெறுமனே ஏறி இறங்கியது.

ஆமா என்றேன்.
எத்தனை செய்தீர்கள் என்ற இடத்தில்
எண் போட்டார்.
எழுத்தாலும் எழுதச் சொன்னேன்,
இருபத்தொன்று.