பாக்கெட் இல்லாத உடுப்பு

வாங்கத் தெரியும் எனக்கு.
கராமாவில் ஒன்பது வருடம் பரிமாறியவன்.
சோம்புத் தட்டுக்கு அடியில் பதுங்கும் பத்து,
பில் அட்டைக்குள்ளிருந்து நாக்கு நீட்டும் ஐந்து,
"மீதி வேண்டாம்ப்பா" என்று எழுந்துபோனவர்
விட்டுச்சென்ற அரை திர்ஹம்,
குழந்தை கையில் நோட்டைத் திணித்து
"மாமாட்ட குடு" என்று வேடிக்கை பார்ப்பவர்கள்.
வாங்கும்போது நோட்டைப் பார்க்கக் கூடாது.
முகத்தைப் பார்த்து நன்றி சொல்லணும்.
எண்ணுவதெல்லாம் பிறகு, கிரைண்டர் ஓரத்தில்.

கொடுத்துத்தான் பழக்கமில்லை.

ஊழியர் விருந்துக் குலுக்கலில்
டிவி போனது தோசை மாஸ்டருக்கு.
எனக்கு விழுந்தது கடல்:
திப்பாவில் ஒரு முக்குளிப்பு, ஒருவருக்கு மட்டும்,
வேன் உண்டு, மதியச் சாப்பாடு இல்லை.

ரோவேனா என் தோளுக்குத்தான் இருந்தாள்.
சிலிண்டரை என் முதுகில் ஏற்றி
வாரை இழுத்துப் பூட்டி
"மூச்சை மட்டும் நிறுத்தாதே,
மற்றது என் வேலை" என்றாள்.
தண்ணீருக்குள் பேச மூன்று சொல் தந்தாள்.
விரல் வட்டம்: நலம்.
தூக்கிய கட்டைவிரல்: சபாஷ் இல்லை, மேலே போகணும்.
விரித்த கை தள்ளாடினால்: எங்கோ சரியில்லை.

ஆறு மீட்டரில் முகமூடிக்குள் கடல் வந்தது.
மூன்று சொல்லும் மறந்து
அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்,
பிரேக் போட்ட பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி.
அவள் உதறவில்லை.
தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள்: இங்கே பார்.
மூக்கால் ஊதிக் காட்டினாள். ஊதினேன்.
கடல் வெளியே போனது.
பாறையடியில் ஒரு ஆமை
எங்களைச் சட்டைசெய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தது,
போனில் பேசியபடியே சாப்பிடும் கஸ்டமர்போல.

அங்கேயே மனசு கணக்குப் போட ஆரம்பித்தது.
பத்து சதவீதம் என்பார்கள்.
எதில் பத்து? என்னுடையது பரிசுக் கூப்பன்.
பூஜ்யத்தில் பத்து சதவீதம் பூஜ்யம்.
உயிருக்கு என்ன விலை என்று கேட்டால்
சினிமா வசனமாகிவிடும். கேட்கவில்லை.

கரையேறியதும் கை தானாக இடுப்பைத் துழாவியது.
அந்த ரப்பர் உடுப்பில் பாக்கெட்டே இல்லை.
ஒரு மணி நேரம் காசில்லாத மனுஷனாக
இருந்திருக்கிறேன், தெரியவே இல்லை.

கவுண்டரில் கண்ணாடிப் பெட்டி,
அடியில் நாலைந்து நாட்டுச் சில்லறை.
எங்கள் கடையிலும் உண்டு இப்படி ஒன்று;
உடைந்த தட்டுக்கெல்லாம் அதில்தான் கழிவு.
"இதில் போட்டால் உனக்கு வருமா?"
கவுண்டர்காரனை ஒரு தரம் பார்த்துவிட்டு
இடுப்பருகே கையை விரித்தாள்.
கை தள்ளாடியது.

லாக்கரைத் திறந்தபடி நின்றேன்.
நூறு என்றால் என் இரண்டு நாள்.
இருபது என்றால், அது நான் மனசுக்குள் திட்டும் மேஜை.
ஐம்பதை எடுத்து நான்காய் மடித்தேன்.
புது நோட்டு, பிளாஸ்டிக், நனைந்தால் பயமில்லை.
மடிப்புதான் நிற்கவில்லை,
விரிந்து விரிந்து வந்தது.
கை குலுக்குவதுபோல் வைத்தேன்.
கொடுக்கிறவனுக்கும் கூசும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.
அவள் நோட்டைப் பார்க்கவில்லை.
என் முகத்தைப் பார்த்து நன்றி சொன்னாள்.
அடடா, தொழில்காரி.

வேன் திரும்புகையில் கண்ணில் பட்டது:
கம்ப்ரஸர் ஓரத்தில் அவள்,
சிலிண்டர் நிரப்பும் பையன்,
அவள் கையிலிருந்து அவன் கைக்கு ஏதோ.
பாத்திரம் கழுவும் ஷொஃபிகுலுக்கு
இந்த ஒன்பது வருடத்தில் நான் என்ன கொடுத்தேன்?
ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
அந்தப் பக்கம் வெறும் மலை.

ராத்திரி ஷிஃப்ட். ஏழாம் நம்பர் மேஜை.
ஆர்டர் எடுக்கக் குனிந்தேன்.
மூக்கிலிருந்து, சொல்லாமல் கொள்ளாமல்,
திப்பாக் கடல் அவர்கள் மெனுவில் கொட்டியது.

அந்த மேஜை ஒன்றும் வைக்காமல் போனது.