புதன்கிழமைப் படிவம்

முதல் கட்டம்: பெயர்.
எலெவுத்தேரியோ தொப்பியைக் கழற்றி
மழையை உதறிவிட்டுச் சொன்னார்,
"குதிரை."
பெயரைக் கேட்டேன் என்றேன்.
"பெட்டைக் குதிரை" என்று திருத்திக்கொண்டார்.

எப்படித்தான் கூப்பிடுவீர்கள்?
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி
ஒரு சத்தம் எழுப்பினார்,
எந்த எழுத்துக்கும் பிடிபடாத சத்தம்.
கொட்டிலில் நின்ற பதினொரு குதிரைகளும்
தலை தூக்கின.
ஒன்று மட்டும் நடந்து வந்தது.
கட்டத்தில் ஒரு கோடு கிழித்தேன்.

சில்யானில் ஆகஸ்ட் என்றால் சேறு.
பல்கலைக்கழகக் குதிரை நல மையத்தில்
புதன் என்றால் வண்டிக்காரர்கள்:
பல் அராவ, பூச்சி மருந்து கொடுக்க, லாடம் மாற்ற
காசு வாங்குவதில்லை.
மற்ற கிழமைகளில்
போர்வை போர்த்திய பந்தயக் குதிரைகள்
டிரெய்லரிலிருந்து இறங்கும்,
ஏழு தலைமுறை அச்சிட்ட காகிதத்தோடு.
இரண்டுக்கும் படிவம் ஒன்றுதான்.
நிரப்புவது நான்.

பிறந்த தேதி?
"நிலம் நடுங்கிய ராத்திரி."
நடுக்கத்துக்கு முன்னா பின்னா என்றாள்
பயிற்சி மாணவி இக்னாசியா.
"நடுவில்.
சுவர் விழுந்தது, இது எழுந்தது."
டாக்டர் யாஸ்னா வாயைத் திறந்து பார்த்து
பல் பொய் சொல்லவில்லை என்றாள்.

பயன்பாடு?
பந்தயம், இனப்பெருக்கம், விளையாட்டு, மற்றவை.
மற்றவைக்கு அரை வரி இடம்.
விறகு, பழைய அட்டை,
ஒருமுறை குளிர்பதனப் பெட்டி,
ஒருமுறை சவப்பெட்டி.
"ரெண்டும் ஒரே கனம்" என்றார்.
அதை எழுதவில்லை. இடம் போதவில்லை.

தார்ச் சாலை குளம்பை எப்படித் தின்கிறது என்று
மூன்று வருஷமாய் இங்கே ஓர் ஆய்வு.
சீவிய துண்டுகளை இக்னாசியா உறையில் போட்டு
எண் ஒட்டினாள்.
"அதைக் கொடும்மா,
வீட்டில் நாய் காத்திருக்கும்.
அதற்கு இதுதான் மிட்டாய்."
தர முடியாது, இது தரவு.
"என் குதிரையின் குளம்பு,
உங்கள் தரவா?"
யாரும் பதில் சொல்லவில்லை.
அவரே சிரித்துவிட்டார்,
வாசல் தாண்டியும் சிரித்துக்கொண்டே போனார்.

அக்டோபரில் ஒரு வெள்ளி,
நள்ளிரவு தாண்டி அதே குதிரை.
வண்டி இல்லை.
பதினான்கு கிலோமீட்டர்
இருவரும் நடந்து வந்திருந்தார்கள்.
சூலை.
விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது,
அங்கே யாரோ நிற்பதுபோல்.
மூக்கு வழியே குழாய், குழாய் வழியே எண்ணெய்.
அறுத்தால் ஆகும் தொகையை
நான்தான் சொல்ல வேண்டும்.
சொன்னேன்.
தொப்பியின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
விடை அதில் எழுதியிருப்பதுபோல்.

பிடிக்க ஆளில்லாமல்
என் காதிலும் ஸ்டெதஸ்கோப்பை மாட்டினார்கள்.
இதுவரை எனக்குத் தெரியாது:
நல்ல குதிரையின் வயிறு சும்மா இருக்காது,
இடி, ஓடை, நாற்காலி இழுக்கும் ஓசை,
பகலும் இரவும் ஒரே சந்தை.
இங்கே ஒன்றுமில்லை.
பள்ளி விடுமுறையில்
வகுப்பறைக் கதவைத் திறந்தது மாதிரி.

மூன்று மணி.
அவர் அதன் காதருகே போய்
அந்தச் சத்தத்தை எழுப்பினார்.
கொட்டிலெங்கும் இருட்டில் தலைகள் அசைந்தன.
இது அசையவில்லை.

நான்கு மணிக்கு மேல்
வெகு தூரத்தில் ஏதோ கேட்டது,
இரண்டு நாள் நின்றுபோன குழாயில்
தண்ணீருக்கு முன்னால் வரும் காற்று போல.
யாஸ்னாவைப் பார்த்தேன்.
வாயில் விரல் வைத்தாள்.

நான்கு நாற்பதுக்கு
குதிரை வாலைத் தூக்கியது.
ஆறு உருண்டை.
யாஸ்னா கைதட்டினாள்,
இக்னாசியா அழுதாள்,
நான் படிவத்தில் எழுதினேன்: லத்தி, 4.40.
இந்த வேலையில் நான் எழுதிய
மிக நல்ல வரி அதுதான்.

விடிந்ததும் கேட்டார்,
எவ்வளவு தர வேண்டும்?
அறுக்கவில்லையே, எண்ணெய்க் காசு மட்டும்,
அதுவும் புதன்கிழமை தரலாம்.
பிறகு
ஆய்வு முடிந்த உறைகளின் அலமாரியைத் திறந்து
எண் நூற்றுப் பதினேழைத் தேடினேன்.
நாய்க்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

அதற்கு மட்டும்
மூன்று பெயர் வைத்திருந்தார்.