விரிப்பு மாற்றுதல்

ரெயூனியனிலிருந்து வந்த பழைய கணினிகள், இரண்டு.
மாயேபூர் சந்தைக்குப் பின்தெருவில்
நான்கே அறை கொண்ட விடுதி என்னுடையது.
மாடிப்படிக்குக் கீழே
இஸ்திரி மேசையில் வைத்தேன்.

விசைப்பலகை பிரெஞ்சு வரிசை.
ஏ இருக்கவேண்டிய இடத்தில் க்யூ.
ஜெர்மன்காரர் ஒருவர் கடவுச்சொல்லை
மூன்றுமுறை தப்பாக அடித்துவிட்டு
திருடியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

கடல்காற்று திருகாணிகளைத் தின்கிறது.

போகிறவர்கள் சாத்திவிட்டுப் போவதில்லை.
யாருடைய அஞ்சலோ திறந்தே கிடக்கும்,
ஒருதடவை வங்கிக் கணக்கு.
நான் படிக்கவில்லை.
சரி, இரண்டு வரி படித்தேன்.

கெவின் அருணாசலோன் வந்து ஏதோ ஏற்றினான்.
"அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், மதாம்.
ஆள் போனதும் விரிப்பு மாற்றுவீர்களே, அதுமாதிரி."
எனக்குப் பிடித்திருந்தது.
தினமும் பதினோரு மணிக்கு அணைத்தேன்,
தலையணை உறை உருவுகிற அதே கையால்.

ரொத்ரீக் தீவிலிருந்து மரி-லூர்து வந்தாள்.
புருஷன் ரோஸ் பெல் ஆஸ்பத்திரியில்.
முதல் ராத்திரி நெடுநேரம்
ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.
காலையில் கேட்டாள்:
"மதாம், என் கடிதம் எங்கே?"

விரிப்பு என்று ஆரம்பித்தேன்.
வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"அப்பா இனி எழுந்திருக்கமாட்டார் என்று
மகனுக்கு எழுதியிருந்தேன்.
இன்னொரு தரம் என்னால் ஆகாது."

அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.
'பப்பா' என்ற சொல்லில்
இரண்டு க்யூ விழுந்தன.
திருத்த நேரமில்லை, அவள் நிறுத்தவில்லை.

மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.
இன்னும் அணைக்கவில்லை.