எடைப்பாலத்தில் பதினோரு புழுக்கள்

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
நர்சரி வைத்திருக்கும் லிம்
முதலில் எனக்கு விற்றது மூன்று காகிதப்பூச் செடி.
வண்ணத்துப்பூச்சி வருமா என்றேன்.
"பூ இருக்கு, வரும்லா" என்றார்.
மூன்று மாதம் பார்த்தேன்.
வந்தது ஒரு குளவி,
அதுவும் வழி தவறி.

அப்புறம் சிவப்பு வெட்சி.
கால்வாயோரம் தானாக முளைத்த உண்ணிச்செடியை
வெட்டாமல் விட்டேன்.
பைப்புழுவுக்கு எதிரிகளை அழைக்க
தோட்ட நிர்வாகம் சாலையோரம் நட்டிருக்கும்
மஞ்சள் பூச்செடியில் இரண்டு கிளை
யாரிடமும் கேட்காமல் ஒடித்து வந்தேன்.
காலை எட்டுக்கு விரிந்து
நண்பகலில் கடை சாத்தும் பூ.
வந்தன. குடித்தன. போய்விட்டன.
தேநீர்க்கடைக்கு வந்தவர்கள் போல.

தங்கியது எதில் தெரியுமா?
சமையலறைப் பின்வாசலில்
ரசத்துக்கென்று நான் வளர்த்த கறிவேப்பிலையில்.
குருவி எச்சம் என்று துடைக்கப் போனேன்;
எச்சம் நகர்ந்தது.
பச்சையாகிக் கொழுத்தபின் விரலால் தொட்டேன்.
தலைக்குப் பின்னிருந்து செம்மஞ்சள் கொம்பு நீட்டி
ஊசிப்போன ஆரஞ்சு வாடை அடித்தது,
என்மீது இதுவரை கோபப்பட்டதில்
மிகச் சிறிய உயிர்.

"அஞ்சு வெள்ளி மருந்து, ஒரே அடி"
என்றார் வீட்டுக்காரர்.
பதில் சொல்லாமல் கடைக்குப் போய்
ஐம்பது காசுக்குக் கறிவேப்பிலை வாங்கி வந்தேன்.
எதைத் தின்னக் கொடுப்பாய் என்று
லிம் கேட்டிருக்க வேண்டும்.
என்ன நிறம் வேண்டும் என்றுதான் கேட்டார்.

புதன்கிழமை எதிர்வீட்டு ஃபக்ருலுக்கு டிங்கி.
எட்டு வயது. ஜெம்போல் மருத்துவமனை.
என் பின்வாசலில் குந்தி
புழுக்களை எண்ணியவன்.
நான் ஒன்பதோடு நிறுத்தியிருந்தேன்;
பதினொன்று என்றவன் அவன்.

வெள்ளி மாலை புகையடிக்க வருவார்கள்,
கதவு சன்னல் திறந்து வையுங்கள்
என்றது மஜ்லிஸ் சீட்டு.
வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?
அவன் அம்மா நோரைனி வேலியோரம் நின்று
என் பூந்தொட்டிகளின் அடித்தட்டுகளைப் பார்த்தாள்.
தண்ணீர் தேங்கிய தட்டுகள்.
எதுவும் சொல்லவில்லை.
ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன்.
அவள் உள்ளே போன பிறகும்
கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி காலை ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டை போட்டு
பதினொன்றையும் இலையோடு
வேலைக்குக் கொண்டுபோனேன்.
செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில் கிராணி நான்.
குலையோடு லோரி ஏறினால் மொத்த எடை,
கொட்டிவிட்டுத் திரும்பினால் வெற்று எடை,
கழித்தால் வருவது கணக்கு.
பதினேழு வருடமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.
"மதியச் சாப்பாடா?" என்று
டப்பாவை எட்டிப் பார்த்தார் லோரிக்கார சவரிநாதன்.
"இல்லண்ணே, இதுங்க சாப்பிடுதுங்க."

மூன்று பிழைக்கவில்லை.
புகையே படாதவை; காரணம் தெரியவில்லை.
மற்றவை குச்சியில் நூல் கட்டித் தொங்கின.
பன்னிரண்டாம் நாள்
கறுப்பில் மஞ்சள் தெளித்த ஒன்று
கணினித் திரைமேல் இறகு உலர்த்தி,
சன்னல் வழியே போய்
லோரி இல்லாத பாலத்தில் உட்கார்ந்தது.
எண் அசையவில்லை.
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.
சீட்டு அச்சடிக்கலாமா என்று நினைத்தேன்.
தாள் வீண்.
அடித்தேன்.

மெலிந்து வீடு வந்திருந்தான் ஃபக்ருல்.
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
மற்ற பத்தும் எங்கே என்றான்.
சொன்னேன், மூன்றையும் சேர்த்து.

ஞாயிறு மறுபடி லிம்மிடம் போனேன்.
இரண்டு கறிவேப்பிலை, ஓர் எலுமிச்சை.
"இதுல பூ பெருசா இருக்காதே" என்றார்.
சரி என்றேன்.
அடித்தட்டு இலவசம் என்று
மூன்றை அடுக்கி நீட்டினார்.
தட்டு வேண்டாம் என்றேன்.