முப்பத்தாறாம் பல்

இருப்பதே முப்பத்திரண்டு,
அதில் முப்பத்தாறாவது எது என்று
வேலைக்குச் சேர்ந்த அன்று நானும் கேட்டேன்.
கீழ்த்தாடை, இடப்பக்கம், நடுவிலிருந்து ஆறாவது.
ஊரில் பாதிப் பேருக்கு முதலில் போவது அதுதான்.

பனசங்கரியில் டாக்டர் ஹெப்பார்
ஒரு வாய்க்குள் கேமராவை நடத்தி முடித்ததும்
பீன்யாவில் என் திரையில் அந்த வாய் திறக்கும்.
மூன்று நிமிடம்.
அதே தூரத்தை இம்தியாஸ் பைக்கில் கடக்க
கொரகுண்டெபாள்யா சிக்னல் மனம் வைத்தால்
ஒன்றேமுக்கால் மணி நேரம்.

முகம் வராது. பெயரும் பாதிதான்:
எம். கே., ஐம்பத்து நான்கு, ஏ-த்ரீ நிறம்.
ஆனால் எந்தப் பக்கம் மெல்லுகிறவர்,
எந்தப் பல்லால் பாக்கு உடைக்கிறவர் என்று
வீட்டாருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்.

நானும் டாக்டரும் சந்தித்ததில்லை.
அவர் கன்னடம், நான் தமிழ்,
மைக்ரான் மட்டும் பொது மொழி.
நான்கு வருடமாக வாட்ஸ்அப்பில் ஒரே சண்டை.

"ஜெசிந்தா, காண்டாக்ட் டைட். நூல்கூட நுழையலை."
"டாக்டர், மார்ஜின் ஈறுக்குள்ள போயிடுச்சு.
எங்க முடியுதுன்னு வெட்டின உங்களுக்குத்தான் தெரியும்."
"நேத்து வந்தது உயரம். அரை மணி நேரம் தேய்ச்சேன்.
உங்களுக்குக் கை வலிக்கலையான்னு பேஷண்ட் கேக்கிறார்."
"ரத்தத்தோட ஸ்கேன் எடுத்தா
ரத்தத்துக்குத்தான் டாக்டர் கேப் செய்ய முடியும்."

அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் வர இரண்டு நாள்.
வார்த்தை இல்லை. மறுபடி எடுத்த ஸ்கேன்.
ஈறு உலர்ந்து ஒதுங்கி நிற்க
பிளேடால் தாளைக் கீறினாற்போல்
முழுச் சுற்றும் தெரிந்தது வரம்பு.

ஜிர்கோனியா வேகும்போது
ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும்.
ஆகவே பெரிதாகத்தான் கடைந்தெடுப்போம்,
சாக்பீஸ் மாதிரி, ஊதினால் பொடி பறக்க.
சுருங்கப்போவது தெரிந்தே
பெரிதாகப் பேசிக்கொள்கிறவர்கள் நாங்கள் இருவரும்
என்று ஒருநாள் ஃபர்னஸ் முன்னால் நின்றபோது தோன்றியது.

போன வியாழன் ஒரு கோப்பு.
அனுப்பியது அவருடைய ஜூனியர்.
எஸ். ஹெச்., நாற்பத்தொன்று, பெண். முப்பத்தாறு.
கீழே ஒரு வரி:
டாக்டருக்குத்தான். கொஞ்சம் பார்த்துச் செய்யவும்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கோரைப் பற்களுக்கு முனை இல்லை.
கடைவாய் முழுக்க மேசைபோல் தட்டை.
வெட்டுவதற்கு முன் எடுத்த ஸ்கேனில்
முன்னிருந்து பின்னாக ஒரே விரிசல்.
இரவெல்லாம் அரைத்த வாய்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறேன் என்று
எல்லோரும்தான் சொல்கிறோம்.
இவர் சொல்லவில்லை,
கடித்திருக்கிறார்.

அதில் என் பங்கு எத்தனை மைக்ரான்?

எட்டு நிமிட வேலை, நாற்பது நிமிடம் ஆயிற்று.
மேடுகளைத் தாழ்த்தினேன், சரிவுகளை மழுப்பினேன்,
மேல் பல் வந்து இடித்தால் வழுக்கிப் போகட்டும் என்று.
ஆர்டரில் இல்லாத நைட் கார்டு ஒன்றையும்
வரைந்து பிரிண்டருக்கு அனுப்பினேன்.
இது யாருக்கு என்றார் சூப்பர்வைசர் மஞ்சப்பா.
டெஸ்ட் பிரிண்ட் என்றேன்.
பில்லில் எழுதவில்லை.

சனிக்கிழமை மழை.
டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான் இம்தியாஸ்.

திங்கள் மதியம் குரல்பதிவு, பதினொரு நொடி.
முதல் ஆறு நொடியில் எச்சில் உறிஞ்சும் குழாயின் சத்தம் மட்டும்.
பிறகு,
"முப்பத்தாறு உயரமில்லை.
நைட் கார்டு இடப்பக்கம் கொஞ்சம் டைட்."

அந்தக் குரல் எந்தப் பற்களைத் தாண்டி வருகிறது என்று
இப்போது எனக்குத் தெரியும்.

எந்த இடத்தில் என்று கேட்டேன்.
ஃபோட்டோ அனுப்புகிறாராம்.